கடற்கதவுக்காரனின் அமாவாசைகள்

கடற்கதவு பழுது பார்க்கிறவனுக்கு இரண்டு முதலாளிகள்: ஒருவர் ஆபீசில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் வானத்தில் தேய்வதும் வளர்வதுமாக இருப்பார்.

ஆபீஸ் முதலாளியிடம் லீவு கேட்கலாம். கிடைக்கும், கிடைக்காது என்று ஒரு பதிலாவது வரும். மேலே இருப்பவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஊர் விழித்திருக்கும்போது தூங்கி, ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு ஆறிய சோற்றைத் தின்று, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு போய் நின்ற அன்பர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கப்பல் பட்டறை ஷிப்டுக்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், பஸ் டிப்போ ஆட்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியும், ஆனால் வலிக்காது.

கடற்கதவு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பல இடங்கள் கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடப்பவை. அலை ஏறும்போது கடல், கால்வாய் வழியாக ஊருக்குள் நடந்து வந்துவிடும். அதைத் தடுக்கக் கரையோரம் மண்ணால் பண்டு என்கிற மேடு கட்டி, கால்வாய் வாயில் ஒரு கதவும் போட்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் அதைப் பிந்து ஆயர் என்பார்கள், தண்ணீர்க் கதவு. கடல் ஏறும் ஏற்றத்தில் இறக்குவோம், வடியும் வற்றத்தில் தூக்குவோம். எல்லாம் யுத்தத்துக்கு முன்னால் போட்டவை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரும்பெல்லாம் துருப்பிடித்து, பலகையெல்லாம் உளுத்துப் போயிருந்தது. நான் ஃபிட்டர். பாக் சமாட் என்கிற மலாய்க்காரர் படகோட்டி. ஆ செங் தச்சர். எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது சந்தைப் பேச்சான பாசார் மலாய்தான். அதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

பெண் பார்த்த வீடு

அப்போது எனக்கு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் பலகைத் தடுப்புப் போட்ட ஓர் அறையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் யுத்த காலத்திலேயே போய்விட்டார்கள். உடன்பிறந்தவர் யாரும் இல்லை. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர். நேரங்கெட்ட நேரத்தில் வந்து மிச்ச மீதியைச் சாப்பிட்டுப் போகும் என்மேல் அவருக்கு இரக்கம். தமக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க அவரே அழைத்துப் போனார். பெண் பேர் சரோஜா. தலையைக் குனிந்தபடி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் பார்த்தது அவளுடைய வகிட்டை மட்டும்தான்.

கணக்கப்பிள்ளை நல்ல மனுஷர். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். வேலை நிரந்தரமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஏதாவது ஒரு மணியைச் சொல்லியிருக்கலாம். நான் உள்ளதை உள்ளபடி விளக்கினேன். இன்றைக்குக் காலை பத்து மணிக்கு வேலை முடிந்தால் நாளைக்குப் பதினொன்றை ஒட்டி முடியும், மறுநாள் பன்னிரண்டை நெருங்கும், இப்படியே தள்ளித் தள்ளிச் சாயங்காலமாகிவிடும், அமாவாசை பௌர்ணமி வந்தால் மறுபடியும் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். விரலை மடக்கிக் கணக்குக்கூடப் போட்டுப் பார்த்தார். பிறகு கோப்பியைக் குடிக்கச் சொல்லி உபசரித்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"எம் பொண்ணு கடிகாரம் பாத்து வளர்ந்தவ, தம்பி. நெலாவப் பாத்துச் சோறாக்க அவளுக்குத் தெரியாது."

பண்டிகைகள்

கதவின் அடிச்சட்டமும் இரும்புப் பட்டைகளும் எப்போதும் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை. கடல் மிகவும் கீழே இறங்கும் நாளில்தான் அவை வெளியே தெரியும். அது அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அதை ஒட்டிய ஓரிரு நாளிலும்தான் நடக்கும். விடியற்காலை வற்றத்தில் சேற்றில் இறங்கிவிட வேண்டும். சேர்ந்த புதிதில் இதன் விபரீதம் எனக்கு உறைக்கவில்லை. ஐப்பசி வந்தபோதுதான் உறைத்தது. தீபாவளி அமாவாசை. கார்த்திகை பௌர்ணமி. தைப்பூசம் பௌர்ணமி. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்துக்கு நான் இடுப்பளவு சேற்றில் நின்று ஆணி கழற்றிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் வந்தால், புதுத்துணி போட்டவர்கள் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானே நின்றுகொண்டுதான் வந்தேன். மாடியில் எல்லாரும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்கப் போயிருந்தார்கள். குழாயடியில் யாரோ மிச்சம் வைத்த சீயக்காய் ஒரு சிரட்டையில் இருந்தது. அதைத் தேய்த்துக் குளித்தேன். அதுதான் என் தீபாவளி.

எனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைத்தேன். பாக் சமாட் சிரித்தார். அவருடைய ஹரி ராயாப் பெருநாள் பிறை பார்த்து வருவது. ஆ செங்கின் சீனப் புத்தாண்டும் அமாவாசைக்குத்தான் வருகிறது. வெள்ளைக்காரத் துரைக்கு மட்டும் கிறிஸ்துமஸ் நிலாவோடு சம்பந்தமில்லாமல் வந்து போனது. மூன்று ஜாதிப் பண்டிகைகளையும் ஒரே சேற்றில் புதைத்துவிட்டு மூவரும் கரையில் உட்கார்ந்து கோப்பி குடிப்போம். உங்களிடம் சூரியனைக் கும்பிடுகிற நாள் ஒன்றுமே இல்லையா என்று ஆ செங் ஒருநாள் கேட்டார். இருக்கிறது, பொங்கல் என்றேன். அதையாவது விடாதே என்று எனக்காக அவர் சந்தோஷப்பட்டார். அந்த வருஷம் பார்த்துத் தைப் பொங்கலும் அமாவாசையும் ஒன்றாக வந்தன. விடியற்காலையில் படகடிக்கு வந்து நின்ற என்னைப் பார்த்து ஆ செங் சொன்னார்:

"உங்க சூரியனும் நிலாவும் பேசி வச்சிருக்கு லா."

சாவி

ஊரின் கதவையெல்லாம் பழுது பார்த்தவன் இருந்த வீட்டுக்குள்ளேயே வெள்ளம் வந்தது. ரோச்சோர்க் கால்வாய் தேக்காவை ஒட்டி ஓடுவது. கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் கால்வாய்த் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்கு ஏறிவிடும். அன்று மதியம் நான் வேலை முடிந்து வரும்போது பாய் கடையில் நாற்காலிகள் மேசைமேல் ஏறியிருந்தன. மேசைகள் மிதக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. பாய் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பு அணையாமல் காத்து நின்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இது என் கையில் இல்லை, அந்தக் கால்வாய்க்கு நாங்கள் கதவு போடவில்லை, கடல் இறங்கினால் தானாக வடியும் என்றேன். எப்போது இறங்கும் என்று கேட்டார்கள். மூன்று மணிக்கு மேல் என்றேன். அது ஒன்றுதான் என்னால் ஆகக்கூடிய உதவி. மூன்றுக்கு மேல் தண்ணீர் வடியத்தான் செய்தது. ஆனால் அதற்குள் அரிசி மூட்டையின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. பாய்க்குக் கோபம் இல்லை. எனக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்:

"ஊருக் கடலையெல்லாம் பூட்டிட்டு வர்றீங்க. நம்ம சாக்கடைக்கு ஒரு சாவி கெடையாதா?"

மார்கழி மழை

பாய் கடைக்குப் பால் ஊற்றியவர் காத்தமுத்து அண்ணன். காலாங் ஆற்றுப் பக்கம் ஒரு தாழ்ந்த நிலத்தில் கொட்டகை போட்டு மாடு வைத்திருந்தார். நான் நேரங்கெட்டுச் சாப்பிட உட்காரும்போது, பால் ஊற்றி முடித்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவார். பேச்செல்லாம் மாடுகளைப் பற்றித்தான். எந்த மாடு சினை, எது உதைக்கும், எது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு ஒருவர் என்னிடம் தமிழில் பேசினார் என்பதே எனக்குப் பெரிய காரியம்.

அந்த மார்கழியில் அவர் கொட்டகைக்குக் கீழ்ப்புறம் இருந்த கால்வாய்க் கதவின் சங்கிலி தேய்ந்து போயிருந்தது. அதை மாற்றப் போயிருந்தோம். விடியற்காலையிலிருந்தே மழை. பாக் சமாட் புதுச் சங்கிலி எடுத்துவரப் படகில் போனார். ஆ செங் அன்று வரவில்லை. மதியம் கடல் ஏறியது. கதவை இறக்கிவிட்டு நான் தனியாகப் பண்டின்மேல் நின்றேன். உள்ளே மழைத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. காய்கறித் தோட்டக்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். கம்போங் என்கிற குடிசைக் கிராமத்து ஆட்களும் வந்தார்கள். கதவைத் திற என்றார்கள். வெளியே கடல் உள்தண்ணீரைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறது, திறந்தால் வடியாது, கடல்தான் உள்ளே வரும் என்றேன். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மண் நிறம். கொட்டுகிற மழையில் ஒரு சாண் வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? நான் கதவைத் தூக்கும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது காத்தமுத்து அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் கையில் ஒரு கயிற்றோடு வந்தார். மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். என் பாஷையில் என்னிடம் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தானே. "தம்பி, செனை மாடு. கயித்த அவுத்துட்டேன், எந்திரிக்க மாட்டேங்குது. கொஞ்சம் தண்ணி எறங்குனாப் போதும். தெறந்து விடு," என்றார். திறந்தால் இறங்காது, ஏறும் என்றேன். நீ திறந்து பார் என்றார். "பாத்துட்டு மூட முடியாதுண்ணே. சங்கிலி தாங்காது," என்றேன். அவர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பித் தண்ணீரில் இறங்கிக் கொட்டகைப் பக்கம் போனார். அவரோடு போய் அந்த மாட்டுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று என் உடம்பெல்லாம் தவித்தது. கைப்பிடியை விட்டு எழுந்தால் யாராவது எடுத்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் நான் தூக்கிய எதுவும் அன்று அங்கே உட்கார்ந்திருந்ததைப் போலப் பாரமாக இருந்ததில்லை.

பிற்பகலில் கடல் திரும்பியது. கால்வாய் வாயில் மிதந்த இலைதழைகள் வெளிப்பக்கம் நகர ஆரம்பித்ததும் கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். தேய்ந்த சங்கிலி எப்படியோ தாங்கியது. தண்ணீர் இரைச்சலோடு வெளியே ஓடியது. பொழுது சாய்கிற நேரத்தில் காத்தமுத்து அண்ணன் பண்டின்மேல் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். சினை மாடு அவற்றில் இல்லை. அதுவரை என்னை நீ, வா, போ என்று பேசியவர், அன்று முதல் தடவையாக நீங்கள் என்றார்:

"நீங்க செஞ்சது சரிதான், எனக்கும் தெரியுது. ஆனா இனிமே உங்க மொகத்தப் பாக்க என்னால ஆகாது."

பார்வை நேரம்

அதன்பிறகு பால் ஊற்ற அவர் வரும் நேரம் மாறிவிட்டது. நான் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். சில மாதம் கழித்து, சாங்கிப் பக்கம் ஒரு கதவின் உளுத்த சட்டத்தைப் பிடுங்கும்போது, துருவேறிய போல்ட்டு முறிந்து சட்டம் என் காலில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கால் சிப்பி அப்பிய கல்லில் மாட்டிக் கிழிந்தது. பாக் சமாட் என்னைத் தோளில் தூக்கிப் படகில் கிடத்தினார். அவர் வயதுக்கு அது பெரிய சுமை. ஆஸ்பத்திரியில் வார்டில் போட்டார்கள். சாயங்காலம் பார்வை நேரம் வந்தால் எல்லாக் கட்டிலையும் சுற்றிச் சொந்தக்காரர்கள், தூக்குச் சட்டி, ஆரஞ்சுப் பழம். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு வந்த கூட்டத்தில் உட்கார இடமில்லாமல் இரண்டு பேர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கும் ஆட்கள் வந்திருப்பது போலத்தான் இருந்திருக்கும். நான் காலை ஒதுக்கி அவர்களுக்கு இடம் கொடுத்தேன்.

பாக் சமாட்டுக்கு அந்த வாரம் சாயங்காலம்தான் வற்றம், வேலையை விட்டு வர முடியாது. வற்றம் முடிந்து வந்தால் பார்வை நேரம் முடிந்துவிடும். வாசலில் விடமாட்டார்கள். அதனால் அவர் ஏற்ற நேரமாகப் பார்த்து, காலையில் வார்டுக்கு வெளியே புல்தரையில் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் ஜன்னலைப் பிடித்து எழுந்து நிற்பேன். கதவு எந்த மட்டில் இருக்கிறது என்று சத்தம் போட்டுச் சொல்லுவார். கால் எந்த மட்டில் இருக்கிறது என்று நான் சொல்லுவேன். வேறு பேச்சு இருக்காது. அவர் போகும்வரை நான் நின்றுகொண்டிருப்பேன். இப்படி நாள் தவறாமல் நடந்ததைப் பார்த்த, கட்டுப்போட வரும் தமிழ் டிரெஸ்ஸர் ஒருநாள் கேட்டார்:

"தெனமும் வந்து கத்திட்டுப் போறாரே அந்த மலாய்க்காரர், அவர் உங்களுக்கு என்ன மொற வேணும்?"

மீன் வாங்கப் போன இடத்தில்

வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நடுவில் கடல் சோம்பலாகக் கிடக்கும் வாரம், தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றேன். எங்கள் தொழிலில் ஓய்வு என்றால் அந்த வாரம்தான். கையில் கூடையோடு, இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. வகிட்டை மட்டும் பார்த்தவனுக்கு முகம் எப்படித் தெரியும்? பாய் கடைக்கு மேலே இருந்தவர்தானே என்று கேட்டாள். அந்தக் குரலையும் நான் அன்றுதான் முதலில் கேட்டேன். சரோஜா.

நலம் விசாரித்தாள். கணவருக்குத் துறைமுக ஆபீசில் கிளார்க் வேலை என்றாள், எட்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வந்துவிடுவாராம். அப்பா போன வருஷம் தவறிவிட்டார் என்றாள். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவள் கேட்கவில்லை. என் கூடையில் கிடந்த ஒற்றை மீனைப் பார்த்தாள், அதிலேயே தெரிந்திருக்கும். இன்னும் அதே வேலைதானா என்றாள். அதே வேலைதான் என்றேன். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தன. கிளம்புவதற்கு முன்னால், மீன்காரரின் தராசைப் பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னாள்:

"அன்னிக்கு அப்பா, எனக்கு நெலாவப் பாத்துச் சோறாக்கத் தெரியாதுன்னாரே, அது என்னக் கேட்டுட்டுச் சொன்னதில்ல."

பத்தாவது மாடி

அறுபதுகளில் எல்லாம் வேகமாக மாறியது. ஆபீசில் லாரி கொடுத்தார்கள், படகு தேவையில்லை என்றானது. ஆ செங் தச்சு வேலைக்குத் தன் மச்சான் பட்டறைக்குப் போய்விட்டார். பாக் சமாட் இருந்த கடலோரக் கம்போங்கைக் காலி செய்யச் சொல்லி, எல்லாருக்கும் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். கடைசி நாள் வேலை முடிந்ததும் அவர் எப்போதும் போல "ஆயர் சுடா பூலாங்," என்றார். தண்ணீர் வீட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அவர் அப்படிச் சொன்னால் நாங்களும் கிளம்பலாம் என்று பொருள். அன்று நான் கிளம்ப நேரமாயிற்று.

ஒரு தடவை அவரைப் பார்க்கப் போனேன். பத்தாவது மாடி. அவர் மனைவி எனக்குக் கோப்பியும் எண்ணெயில் பொரித்த வாழைப்பழமும் கொடுத்துவிட்டு, நீங்களாவது இவரோடு பேசுங்கள் என்று சொல்லி உள்ளே போனார். பாக் சமாட் நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் கூரைகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. ஏற்றமா வற்றமா என்று சொல்ல முடியாத தூரம். வீடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, குழாய் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மழை ஒழுகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அந்தக் கடல் கோட்டைக் காட்டிச் சொன்னார்:

"இவ்வளவு உயரத்துக்குத் தண்ணி ஏறாது. அதனால யாரும் என்னைக் கூப்பிட வர்றதில்ல."

செம்மண்

கடைசியாகக் கிழக்குக் கரையில் இருந்த ஒரு கதவு மட்டும் என் பொறுப்பில் இருந்தது. நான் அதிகம் பழுது பார்த்தது அதைத்தான். பலகை மாற்றி, பட்டை மாற்றி, சட்டம் மாற்றி, பழைய கதவில் மிச்சமிருந்தது பெயர் மட்டுமே என்று சொல்லலாம். அந்தப் பக்கம்தான் கடலைத் தூர்க்கும் வேலையை ஆரம்பித்தார்கள். லாரி லாரியாகச் செம்மண் வந்து கொட்டியது. ஒவ்வொரு தடவை போகும்போதும் கடல் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. கால்வாயை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஒரு நாள் போனபோது கதவின் இரண்டு பக்கமும் மண். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நான் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் போய்க்கொண்டிருந்தேன். சங்கிலிக்குக் கிரீஸ் தடவுவேன், கைப்பிடியைச் சுற்றுவேன், கதவு மேலே போகும், கீழே வரும். பிறகு பழக்கதோஷத்தில் பண்டின்மேல் உட்கார்ந்து வற்றத்துக்காகக் காத்திருப்பேன். காதில் லாரிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், தொப்பி வைத்த ஓர் இளம் இஞ்சினியர் மண்மேட்டில் இறங்கி வந்தார். நம்ம பிள்ளைதான், தமிழில் பேசினார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கதவு பார்க்கிறேன் என்றேன். அவர் கதவைப் பார்த்தார், இந்தப் பக்கச் செம்மண்ணைப் பார்த்தார், அந்தப் பக்கச் செம்மண்ணைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். என் பக்கத்தில் வந்து பண்டின்மேல் உட்கார்ந்தார். யாருமே உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார். என் கையிலிருந்த கிரீஸ் டப்பாவை அவரே வாங்கி மூடி போட்டு வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இனிமே கடல் இங்க வராதுண்ணே. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

கடலை ஊருக்கு வெளியே நிறுத்துவதுதான் இத்தனை வருஷமும் என் வேலையாக இருந்தது, கடைசியில் அதை மண் லாரிக்காரர்கள் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டார்கள்.